இன்னும் ரெண்டு வாய்

"இந்தா, இன்னும் ரெண்டு வாய்."

"எறங்கல அத்தை."

"எறங்கலைன்னா விட்டுடுவேனா? வாயைத் தொற."

பக்கத்துக் கட்டில்ல தெனம் இந்தக் கூத்துதான். அந்தப் பொண்ணு குந்தவை, கண்ணுல தண்ணி முட்ட முட்ட முழுங்குறா. மாமியார்க்காரி பிரகதாம்பாள் சுறாப் புட்டை உருட்டி உருட்டித் திணிக்கிறா. புட்டு முடிஞ்சா பூண்டுக் குழம்புச் சோறு. அது முடிஞ்சா கேழ்வரகுக் கஞ்சி. நடுநடுவுல சொம்பு சொம்பா தண்ணி வேற.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் மக கவிப்ரியாவும் அதே வார்டுலதான் பிள்ளை பெத்துப் படுத்திருக்கா. பச்சை உடம்புக்காரிக்கு நாக்கு நனையிற அளவுக்குத் தண்ணி குடுத்தாப் போதும். மேல குடுத்தா வயித்துல நீர் கோத்துக்கும், பிள்ளைக்குச் சளி புடிக்கும்னுதான் எங்க பக்கம் சொல்லுவாங்க.

"ஏம்மா, இவ்வளவு தண்ணியா குடுக்குறது?"

"தண்ணி உள்ள போனாத்தானே அக்கா பால் ஊறும்? டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. உங்க மகளுக்கும் குடுங்க. உதடு வெடிச்சுக் கெடக்கு பாருங்க."

எனக்கென்ன வாயில கொழுக்கட்டையா? "என் மகளை எனக்குப் பாத்துக்கத் தெரியும்"னு வெடுக்குன்னு சொல்லிட்டேன்.

குந்தவைக்கு பிரஷர் ஏறி வலிப்பு வந்து, ஏழாம் மாசமே ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை. கீழ கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களாம். இவ கட்டிலை விட்டு எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. அதனால பாலைப் பீய்ச்சி சில்வர் கிண்ணத்துல வாங்கி, மூடி போட்டு மாமியார்தான் எடுத்துட்டுப் போவா.

"என்னடி, இன்னிக்கு அரைக் கிண்ணம்தானா? காலையில கஞ்சியை மிச்சம் வச்சிட்டியா?"

பசு மாட்டைக்கூட இப்படி மிரட்டிக் கறக்க மாட்டாங்க.

"நேத்து ஒழுங்காக் குடிச்சானா அத்தை?"ன்னு குந்தவை மெதுவாக் கேட்டா.

"ஒரு சொட்டு விடல"ன்னுட்டு மாமியார் கெளம்பிட்டா.

எனக்குப் பொறுக்கல. பின்னாடியே போய் மாடிப்படியில மறிச்சேன்.

"ஒரு வீல்சேர்ல வச்சுத் தள்ளிட்டுப் போய், பெத்தவ கண்ணுல பிள்ளையை ஒரு தடவை காட்டினா நீ கொறைஞ்சா போயிடுவ? பால் மட்டும் வேணும், அவ மனசு வேணாமா? நீயும் ஒரு பொம்பளைதானே?"

அவ கிண்ணத்தை முந்தானையால பொத்திக்கிட்டு அப்படியே படியில உக்காந்துட்டா.

"காட்டுறதுக்குப் பிள்ளை இருக்கணுமே அக்கா."

நானும் அவ பக்கத்துலயே உக்காந்துட்டேன்.

"செவ்வாக்கிழமையே போயிட்டான். நானும் என் தம்பியும் எங்க ஊரு பாபநாசத்துக்குக் கொண்டுபோய் ஆத்தங்கரையில பொதைச்சிட்டு வந்தோம். இவளுக்கு பிரஷர் இன்னும் எறங்கல. இப்பச் சொன்னா மறுபடியும் வலிப்பு வந்தாலும் வரும்னு டாக்டர் பயப்படுறாங்க. என் மகன் இனியவன் துபாய்லேருந்து வந்துக்கிட்டிருக்கான். அவன் வந்து சொல்லட்டும்னு வாயைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"அப்ப இந்தப் பாலு?"

"வேதாரண்யத்துப் பிள்ளை ஒண்ணு கீழ பெட்டியில கெடக்கு அக்கா. பெத்தவ பிரசவத்துலேயே கண்ணை மூடிட்டா. மிஞ்சுற பாலை மத்த பிள்ளைங்களுக்கும் குடுங்கன்னு குந்தவை மொத நாளே சொல்லியிருந்தா. என் பேரனுக்குத்தான் குடுத்து வைக்கல. அதுவாவது பொழைக்கட்டும்."

முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. அவ தோளைப் புடிச்சுக்கிட்டு நானும் அழுதேன். கொஞ்ச நேரத்துல முகத்தை அழுந்தத் தொடைச்சுக்கிட்டு, "பிள்ளை பசியில கெடக்கும்க்கா"ன்னு எறங்கிப் போயிட்டா.

நான் வார்டுக்குத் திரும்பினா, குந்தவை தூக்குவாளியை மடியில வச்சு, யாரும் ஊட்டாமலே புட்டை அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டிருக்கா. கண்ணீர் தாடையில வழியுது. தொடைக்கக்கூட இல்ல.

பாவி, என்ன சொல்றதுன்னு தெரியாம வாயில வந்த பொய்யைச் சொன்னேன்.

"அழாதடியம்மா. இப்பத்தான் கீழ போய்ப் பாத்துட்டு வரேன். உன் பிள்ளை ராசா மாதிரி தூங்குறான்."

அவ என் முகத்தையே பாத்தா.

"வேணாம் பெரியம்மா. செவ்வாக்கிழமை அத்தை ஈரத்தலையை முடிஞ்சுக்கிட்டு வந்து நின்னாங்க. எழவுக்குப் போயிட்டு வந்தாத்தானே அப்படித் தலை முழுகிட்டு வருவாங்க? அப்பவே எனக்கு விளங்கிடுச்சு. சிஸ்டர் கையைப் புடிச்சுக்கிட்டு விடாமக் கேட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"ஐயோ! உன் அத்தைகிட்ட சொல்லலியாடி?"

"நான் தாங்க மாட்டேன்னுதான் அவங்க அழாம நிக்கிறாங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அப்படியே சாஞ்சிடுவாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

சொம்பைத் தூக்கி மடக்மடக்குன்னு குடிச்சா. அடுத்த வாயை உருட்டினா.

"தொண்டையில எறங்கவே மாட்டேங்குது பெரியம்மா. ஆனா நான் சாப்பிடலைன்னா, அந்த வேதாரண்யத்துப் பிள்ளையும்ல பட்டினி கெடக்கும்."