இருபத்துநாலாவது போன்

“குழந்தைகள் வார்டு போனைக் கடைசியில போடுப்பா” என்றார் ஆஸ்பத்திரி நிர்வாகி.

“சரி சார்” என்றான் டெக்னீஷியன்.

எதிரே நின்ற அந்த வார்டு நர்ஸம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி முழுக்கப் புது மேஜை போன்கள் வந்திருந்தன. மொத்தம் இருபத்துநாலு. பேச்சும் மின்சாரமும் ஒரே கேபிளில் வரும். எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற ஸ்விட்ச் பெட்டி கீழ்த்தளத்தில் ஓர் அலமாரிக்குள் இருந்தது. அதை அமைத்துக் கொடுப்பது டெக்னீஷியனின் வேலை.

எல்லோருக்கும் சாதாரண போன். நிர்வாகி மட்டும் தமக்கு வீடியோ போன் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் திரை. அது ஒன்றே நாலு போன் குடிக்கிற மின்சாரத்தைக் குடித்தது. பெட்டி தாங்கவில்லை. தன் இஷ்டத்துக்கு யாராவது ஒருவர் போனை அணைத்துக்கொண்டே இருந்தது.

“எதை அணைக்கணும்னு வரிசை போட்டு வெச்சுடலாம் சார். கடைசியில இருக்கறதுதான் முதல்ல அணையும்” என்று சொல்லியிருந்தான் டெக்னீஷியன்.

உடனே கூட்டம் போட்டார்கள். தமக்கு எட்டாவது இடமா என்று ஸ்டோர் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒன்பதாவது இடத்துக்கு கேன்டீன் பொறுப்பாளரும் வண்டி நிறுத்துமிடத்துப் பொறுப்பாளரும் மல்லுக்கட்டினார்கள். நிர்வாகி பொறுமையிழந்து, ஆண்டு விழாவில் நாற்காலி போடுவதற்கு வைத்திருந்த பதவி வரிசைப் பட்டியலை எடுத்து நீட்டிவிட்டார். முதல் இடம் அவருக்கு. குழந்தைகள் வார்டு இருபத்துநாலாவது.

“சார், போன வாரம் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்துச்சு” என்றார் நர்ஸம்மா. “எங்க போன் அணைஞ்சு கிடந்துச்சு. மூணாவது மாடியில செல்போன் சிக்னலும் எடுக்காது. டாக்டரைக் கூப்பிட ரெண்டு மாடி இறங்கி ஓடினேன். வர்றதுக்குள்ள புள்ளைக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு.”

“பொழைச்சுடுச்சு இல்ல? அப்புறம் என்ன? படி ஏறி இறங்கினா உடம்புக்கும் நல்லதுதானே! என் நிலைமை அப்படியா? போனைக் கீழ வைக்க முடியல. அது ஒரு நிமிஷம் நின்னா இந்த ஆஸ்பத்திரியே நின்னுடும்.”

“உண்மைதான் சார்” என்றான் டெக்னீஷியன்.

நர்ஸம்மா அவனை நடைவழியில் மடக்கினார்.

“ஏன் தம்பி, படிச்ச புள்ளதானே நீங்க? இப்படி ஜால்ரா போடறீங்களே, வெக்கமா இல்ல?”

“எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல சிஸ்டர். அவர்தான் கையெழுத்துப் போடணும்.”

“உங்க வேலைக்கு எங்க குழந்தைங்க உசிருதான் கிடைச்சுதா?”

அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனான்.

அன்றிலிருந்து அவனைக் கண்டாலே நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘முதுகெலும்பு இல்லாத ஜென்மம்’ என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்தார். எப்படியும் அணைந்துதான் கிடக்கும் என்று வார்டு போனைத் தொடுவதையே விட்டுவிட்டார். மாடிப்படிப் பக்கம் கிடந்த ஸ்டூலையும் மருந்து வண்டியையும் ஓரங்கட்டினார். அவசரத்துக்கு ஓடும்போது காலில் இடறக் கூடாதே!

இருபத்தாறு நாள் கழித்து, மதியம் இரண்டு மணிக்கு, மூன்றாவது கட்டில் குழந்தைக்கு வலிப்பு வந்தது.

நர்ஸம்மா படியைப் பார்த்து ஓடத்தான் போனார். போகிற போக்கில் எதற்கும் இருக்கட்டும் என்று போனை எடுத்தார். டயல் டோன் கேட்டது. அடுத்த நிமிஷம் டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றார். நாலு மணிக்கெல்லாம் குழந்தை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டது.

நர்ஸம்மா நேராகக் கீழ்த்தளத்துக்கு வந்தார்.

“தம்பி, பட்டியல்ல எங்க போன்தானே கடைசி? இன்னைக்கு எப்படி வேலை செஞ்சுது?”

அவன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான். வரிசையில் முதல் இடத்தில் குழந்தைகள் வார்டு. இருபத்துநாலாவது, நிர்வாகி அறை.

“தலைகீழா போட்டுட்டேன் சிஸ்டர். அவரோட ஒரே ஒரு போன் அணைஞ்சா போதும், மத்த இருபத்துமூணும் நல்லா ஓடுது.”

நர்ஸம்மாவுக்கு இத்தனை நாள் திட்டியதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறிப் பயம் வந்துவிட்டது.

“ஐயோ, கண்டுபிடிச்சார்னா உங்க வேலை போயிடுமே தம்பி! எத்தனை நாளா அணைஞ்சு கிடக்குது?”

“கூட்டம் போட்ட அன்னைக்கு சாயங்காலத்திலேர்ந்து.”

“அப்போ அவருக்கு வர்ற போனெல்லாம்?”

“வெளியில உக்காந்திருக்கிற செக்ரட்டரிக்குப் போகுது. எப்பவும் அவங்கதான் பேசுவாங்க.”

“ஒரு தடவைகூடவா அவர் எடுத்துப் பார்க்கல?”

டெக்னீஷியன் ஒரு கடிதத்தை நீட்டினான். வேலை நிரந்தர உத்தரவு. அன்று காலையில்தான் வந்திருந்தது. அதன் அடியில் நிர்வாகி தம் கைப்பட இரண்டு வரி பாராட்டு எழுதியிருந்தார்:

‘சென்ற ஒரு மாதமாக என் புதிய தொலைபேசியில் தினமும் நூறு அழைப்புகளுக்குக் குறையாமல் பேசி வருகிறேன். ஒரு நொடிகூடத் தடைபட்டதில்லை.’