பன்னிரண்டரை மணிச் சத்தம்

“அண்ணா, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா? குழந்தை தூங்கற நேரம்.”

கதவைப் பாதி திறந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர், அவனையும் அவன் தோளில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த பதினான்கு மாதப் பொடியனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன முதலாளி, இன்னும் படுக்கலையா?” என்றார் பொடியனிடம்.

அவனுக்கு அது நக்கலாகப் பட்டது.

“நீங்க மிதிச்சா எப்படிப் படுப்பான்? காலையில இருந்து விட்டு விட்டுத்தான் ஓடுச்சு. சரியா பன்னிரண்டரைக்குத்தான் விடாம ஓட்டறீங்க. நடுவுல இருக்கறது ஒத்தைச் சுவர்.”

தையல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சரி தம்பி, நிறுத்திடறேன்” என்றார்.

சொன்னபடியே நிறுத்தினார். பொடியன்தான் தூங்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து மனைவி மறுபடி வேலைக்குப் போகிறாள். ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. முதல் இரண்டு வாரம் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் லீவு போட்டிருந்தான்.

ஃப்ரிட்ஜ் கதவில் அவள் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. ‘காலைத் தூக்கம் போன மாதத்தோடு நின்றுவிட்டது. இனி ஒரே தூக்கம்தான். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. பன்னிரண்டரைக்குப் படுக்கை. திரையை இழுத்து விடவும். கரடி இடது பக்கம்.’

திரையை இழுத்து விட்டான். கரடியை இடது பக்கம் வைத்தான். பொடியன் கரடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்து நின்று கத்தினான்.

மறுநாளும் அதே கதை. சாயந்திரம் ஐந்தரைக்குக் கிண்ணத்தில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனான். அதன் பலனை இரண்டு இரவும் மூன்று பேரும் அனுபவித்தார்கள்.

காலையில் கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “நேத்து ஒரு சீட்டுக்கு வேற மாத்திரையை எடுத்துட்டேன். பக்கத்துல இருந்தவங்க பார்த்ததால தப்பிச்சேன். தூக்கம் இல்லாம என்னால இந்த வேலை செய்ய முடியாதுங்க. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்.”

“இன்னைக்கு ஒரு நாள் பார்க்கலாம்” என்றான் அவன்.

பகல் ஒரு மணிக்கு அவளே போன் செய்தாள். தூங்கினானா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பொடியனின் கத்தல் போன் வழியாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

“ஏங்க, மெஷின் ஓடலையா?”

“எந்த மெஷின்?”

“பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்.”

“அதையா? நான்தான் முந்தாநாளே நிறுத்தச் சொல்லிட்டேன்.”



“அவன் அந்தச் சத்தத்துலதாங்க தூங்குவான்.”

“அப்ப அதை ஏன் எழுதலை?”

“தினமும் கேக்கற சத்தம். என் காதுல விழறதே நின்னு போச்சு. இவன் தூங்கற நேரத்துக்கெல்லாம் அவருக்கு வேலை வந்துடுதே, நம்ம அதிர்ஷ்டம்னு முதல்ல நினைச்சுப்பேன். அப்புறம் மறந்தே போயிட்டேன்.”

தேம்பிக்கொண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். தையல்காரர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து திறந்தார்.

“சாப்பிடறீங்களா? அப்புறம் வரேன்.”

“பரவாயில்லை, சொல்லுங்க.”

“அன்னைக்கு நான் தெரியாம பேசிட்டேன். நாளையிலிருந்து இந்த நேரத்துல தைக்கற வேலை ஏதாவது இருந்தா...”

அவன் முடிக்கவில்லை. அவர் போய்த் தட்டை மெஷின் பலகையில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார்.

பொடியனின் அழுகை பாதியில் நின்றது. இரண்டு விக்கல். தலை தோளில் சாய்ந்தது. ஐந்து நிமிடத்தில் உடம்பு கனத்துவிட்டது.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா.”

“பெத்த அப்பா நீங்களே சொல்றீங்க. சத்தம் இல்லாமலே தூங்கற அளவுக்கு வளர்ந்துட்டானோன்னு நினைச்சேன். இல்லைன்னு மூணு நாளா தெரியுது. ஆனா நானா ஆரம்பிச்சா மறுபடி கதவைத் தட்டுவீங்களே.”

மெஷினுக்கு மேலே சுவரில், யார் யாருடைய அளவுகளுக்கோ நடுவில், துணிக்குக் கோடு போடும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தது: ஒன்பது, ஒன்று, நாலரை. மூன்றையும் அடித்துவிட்டு, கீழே புதிதாகப் பன்னிரண்டரை.

பிள்ளை மூன்று வேளை தூங்கியதும், அது இரண்டானதும், ஒன்றானதும் அவனுக்கு இந்தச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த நேரங்களில் அவன் அலுவலகத்தில் இருந்தான், வாஸ்தவம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளாவது கேட்டானா என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

ஒற்றைக் கையால் மனைவிக்குச் செய்தி தட்டினான். ‘தூங்கிட்டான். எதையும் எழுதிக் குடுத்துடாதே.’

“நான் போறேண்ணா. நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்று திரும்பியவன், அப்போதுதான் மெஷினைச் சரியாகப் பார்த்தான்.

ஊசிக்குக் கீழே துணி இல்லை. ஊசியில் நூலும் இல்லை.

“வேலை என்ன வேலை? இது எப்பவும் என் சாப்பாட்டு நேரம் தம்பி. கை சாப்பிடும், கால் சும்மாதானே இருக்கு” என்றார் தையல்காரர், தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு. “முதலாளியை மெதுவா கொண்டு போய்ப் படுக்க வைங்க. பாதியில நிறுத்தினா எழுந்துக்குவார்.”