அடையாளம் காட்டிய உதவியணு

ஓர் உடம்பின் நோய் எதிர்ப்புப் படையில் உதவியணு ஒன்று இருந்தது. அது யாரையும் அடிக்காது. எதிரி யாரென்று காட்டிவிடும், அடிப்பவை வேறு அணுக்கள். முன்பொரு காய்ச்சலின்போது வெள்ளைச் சட்டைக் கிருமி ஒன்று அதை ஏமாற்றியிருந்தது. அந்தக் கோபம் ஆறவே இல்லை.

ஒருநாள் மூளைப் பக்கம் போனபோது, வெள்ளை உறை போர்த்திய நரம்பைப் பார்த்தது.

"அவனேதான், விடாதீங்க!" என்று அடிக்கும் அணுக்களிடம் கத்தியது.

"அண்ணே, நான் இந்த உடம்பிலேயே பிறந்தவன்," என்று நரம்பு கெஞ்சியது. "கைக்குச் சேதி கொண்டுபோறேன். உறை கிழிஞ்சா சேதி போகாது."

"அவனும் இப்படித்தான் நைசாப் பேசினான்."

அடிக்கும் அணுக்கள் உறையைக் கிழித்தெறிந்தன. வெளியே, மனிதனின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. நரம்பிடமிருந்து சத்தமே இல்லை.

"தப்பு செய்யாதவனா இருந்தா இந்நேரம் வாயைத் திறந்திருப்பானே," என்றது உதவியணு.