மடி கொடுத்த மச்சான்

"மாமன் எங்கப்பா? நல்ல நேரம் போவுது!" என்று கத்தினார் காது குத்த வந்த ஆசாரி.

கெலமங்கலம் கோயில் மண்டபத்தில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக என் மகள் யுவஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள். அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைக் காணோம்.

என் மனைவி ரூபாவின் தம்பி ஆனந்தராஜ் அத்திப்பள்ளி டோல்கேட்டில் மாட்டிக்கொண்டானாம். அவள்தான் சொன்னாள். மச்சானை மனசுக்குள் வெளுத்து வாங்கினேன்.

எனக்கு ஏற்கெனவே வேறொரு கடுப்பு. சீனக் கம்பெனி அதிகாரி லின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஓசூரில் அவர்கள் தொடங்கும் தொழிற்சாலையின் ஆர்டர் கிடைத்தால்தான் சூளகிரியில் என் பட்டறை பிழைக்கும்.

மனிதர் மாதக்கணக்கில் வீட்டுக்கு வருகிறார். சாப்பிடுகிறார். அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். நான் விலையைக் குறைத்துச் சொன்னால் மட்டும் சிரித்துவிட்டு இன்னொரு டீ கேட்கிறார்.

"அவரு வெலயப் பாக்கல, மனுசங்களப் பாக்கறாரு" என்பாள் ரூபா. நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

இப்போது அவள் நேராக லின்னிடம் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் முகம் சிவந்துவிட்டது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, மணையில் சம்மணம் போடப் பார்த்தார். முடியவில்லை. மண்டபமே சிரித்தது. காலை நீட்டி உட்கார்ந்தார்.

யுவஸ்ரீ அவர் மடியில் ஏறிக்கொண்டாள். ஊசி இறங்கியது. அவள் அழவில்லை. அவர்தான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

பந்தியில் லின் என் தோளில் கை போட்டார். ஒரு வருஷ ஆர்டர் பேசத்தான் வந்தாராம். மாமனான பிறகு அது பத்தாதாம். நாளைக்கே ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் இலையில் லட்டுக்கு மேல் லட்டாக வைத்தேன். அப்பளம் தீர்ந்திருந்தது. நானே சமையல்கட்டுக்கு ஓடினேன்.

அங்கே, விசேஷத்துக்கென்று எடுத்த பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தான் ஆனந்தராஜ். விடிந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறானாம்.

"அக்காதா சொல்லுச்சு மாமா. அடுத்த புள்ளைக்கு நான் உக்காந்துக்கறேன்" என்றான்.