பதில் அக்காவுக்கு வரணும்

"வாப்பா! என் வேலைக்கு உலை வைக்க வந்த ஆளு நீதானா?"

மூக்குக்கண்ணாடிக் கடையின் முன் மேஜையிலிருந்த அக்கா, அவன் முகத்தையே பார்த்தபடி சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சாஃப்ட்வேர் கம்பெனி இளைஞனுக்குச் சுருக்கென்றது.

"கண்ணாடி ரெடி, வந்து வாங்கிக்கோங்க" என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்வதுதான் இத்தனை வருஷமாக அவள் வேலை. இனி பில் போடும் சாஃப்ட்வேரே மெயில் அனுப்பிவிடும்.

"போனைக் கூட முதலாளி தன் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டார் தம்பி. அடுத்தது என்னைத்தான் தூக்குவார்."

ஈவு இரக்கமில்லாத மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் உள்ளே போனான்.

முதலாளியோ பிடிவாதக்காரராகவும் இருந்தார். மெயில் கடையின் சொந்த சர்வர் வழியாகத்தான் போக வேண்டுமாம். அதுவும் அக்கா முகவரியிலிருந்துதானாம். முதலாளியின் லாகினில் நுழைந்து அக்கா பெயரில் அனுப்பினால் சர்வர் விடுமா? மெயிலையெல்லாம் திருப்பித் தள்ளியது.

பாதி நாள் மல்லுக்கட்டியும் ஆகவில்லை. அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், எங்க சர்வர்லேர்ந்து அனுப்பினா இப்பவே முடிஞ்சிடும்."

"அந்த மெயிலுக்கு கஸ்டமருங்க பதில் போட முடியாதுன்னீங்களே?"

"கண்ணாடி ரெடின்னு சொல்றதுக்குப் பதில் எதுக்கு சார்?"

"நாளைக்கு வரலாமா, பிரேம் மாத்தித் தருவீங்களான்னு ஆயிரம் கேட்பாங்க. அதெல்லாம் அக்காவுக்குத்தான் வரணும். அவங்கதான் பதில் எழுதணும். அவங்க லாகினையே வாங்கிப் போடுங்க."

"அப்போ... அக்காவை நிறுத்தப் போறதில்லையா?"

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார்.

"அவங்களுக்குக் காது மந்தமாயிட்டு வருது தம்பி. நேர்ல பேசினா வாயைப் பார்த்தே சமாளிச்சுடறாங்க. போன்லதான் தடுமாற்றம். எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

உள்ளே வரும்போது முணுமுணுத்தது இப்போது அவனையே குத்தியது.

"அவங்ககிட்ட போன்ல பேசினவங்கல்லாம் 'ஆளை மாத்துங்க, ஆளை மாத்துங்க'ன்னாங்க. எனக்கு மனசு வரல. வேலையை மாத்திட்டேன்."