முழுக்கை

இன்சார்ஜ் சிஸ்டர் கிருபாவதியின் அறைக் கதவில் காதை வைத்து நின்றாள் நர்ஸ் ஃபெமினா.

ஒட்டுக்கேட்பது பாவம்தான். ஆனால் சித்திரை வெயிலிலும் ஒரு மனுஷி முழுக்கைச் சட்டையைக் கழற்றாவிட்டால்?

ஆறு மாதமாக அந்தக் காரமடை ஆஸ்பத்திரிக்கு இதே யோசனை. லேப்காரர்கள் தீக்காயம் என்றார்கள். மருந்து கொடுக்கிற ராசாத்தாளோ, புருஷன் அடி என்று தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஃபெமினாவிடமும் ஒரு ரகசியம் இருந்தது. ஊசி போட எந்தப் பச்சைக் குழந்தைக்கும் ஒரே குத்தில் நரம்பு பிடிப்பாள். திரையை இழுத்துவிட்டுத்தான் பிடிப்பாள். டாக்டரே அவளைக் கைராசிக்காரி என்பார். வித்தை நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அவள் வெறும் ஃபெமினா.

புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி கிருபாவதி ஒரே ஒரு தடவை கேட்டார். கைராசியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இவள் கையை விரித்தாள்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதட்டவில்லை, மேலிடத்தில் போட்டுக்கொடுக்கவும் இல்லை.

அது ஆறு மாதத்துக்கு முன்பு.

காதின் கனம் தாங்காமல் கதவு திறந்துகொண்டது.

உள்ளே மூன்று புது நர்சுகள். மேசைமேல் கிருபாவதியின் கை, சட்டை முழங்கைக்கு மேல் சுருட்டப்பட்டு. மணிக்கட்டிலிருந்து மேலே நீலமும் பச்சையும் மஞ்சளுமாய்க் கன்றிப்போன ஊசித் தடங்கள்.

ஊசியை இப்போதும் தப்பாகக் குத்திவிட்ட ஜோவிதா அழுதுகொண்டிருந்தாள்.

"அழுவாத கண்ணு. எங்க தப்புச்சுன்னு வாய்விட்டுச் சொல்லீரு. அடுத்து குத்தறவ அங்க குத்தமாட்டாள்ல?" என்றார் கிருபாவதி.

கதவருகே நின்றவளை அவர் பார்த்தார்.

ஃபெமினா மேசையருகே போனாள்.

"கைராசியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். பொய் சொல்லிப்போட்டேன்." ஜோவிதாவின் விரலைப் பிடித்து அந்தக் கன்றிய கையில் வைத்தாள். "கண்ண மூடிக்க அம்மணி. மோதிர விரல்ல தேடு. மெத்துனு எம்பும் பாரு, அங்கதான்."

எம்பியது.

அடுத்த வாரம் குழந்தைகள் வார்டில் ஃபெமினாவை யாரும் கூப்பிடவில்லை. ஜோவிதாவே நரம்பு பிடித்தாள், திரையை இழுக்காமல்.

ஃபெமினா முழுக்கைச் சட்டையில் வந்திருந்தாள்.

"பாவம், இவ புருஷனுமா?" என்று உச்சுக்கொட்டினாள் ராசாத்தாள்.

ஃபெமினாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.