பேஸ் சரியில்லை

"எடுத்துடுடா. பேஸ் சரியில்லை. வேற பதிவு பண்ணிப் போடு."

வாட்ஸ்அப்பில் வெங்கட்ராகவன் அனுப்பியிருந்ததைப் பார்த்ததும் ஆன்டோவுக்குச் சுருக்கென்றது.

காலையில்தான் பாட்டுகளைக் கோத்துத் தான் பண்ணிய டிரம் அண்ட் பேஸ் மிக்ஸை இணையத்தில் ஏற்றி, தெரிந்தவர் அத்தனை பேருக்கும் இணைப்பை அனுப்பியிருந்தான். "கேட்டுட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று கெஞ்சல் வேறு. பூதலூரில் கல்யாணத்துக்கும் தேர்பவனிக்கும் மைக் செட் போடுகிறவனுக்கு, தலைதெறிக்க ஓடும் இந்த டிரம்மும் ஜன்னல் கம்பியை ஆட்டும் கனத்த பேஸ் ஒலியும் எங்கிருந்து ஒட்டிக்கொண்டன என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

பெங்களூரில் ஒரு கிளப்பில் புது ஆட்களுக்கு மேடை தருகிறார்கள். எந்த மிக்ஸுக்கு நல்ல வரவேற்போ, அந்த ஆளுக்கு வாய்ப்பு. இன்று மாலையோடு கெடு முடிகிறது. இப்போது எடுத்தால் அதன் கீழே வந்த பாராட்டெல்லாம் கூடவே போய்விடும். அப்புறம் பெங்களூராவது மண்ணாவது!

பாராட்டுக்கா பஞ்சம்? ஒரு மணி நேர மிக்ஸுக்கு, அனுப்பிய ஐந்தாவது நிமிடமே "வேற லெவல் மாப்ள" வந்துவிட்டது. "ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் தெறி" என்றான் இன்னொருவன். மஸ்கட்டிலிருந்து ஒரு சிநேகிதன், "கண்ணு கலங்கிடுச்சுடா" என்று எழுதியிருந்தான். டிரம் அண்ட் பேஸுக்குக் கண் கலங்கிய முதல் மனிதன் அவனாகத்தான் இருப்பான். ஆன்டோ அதையெல்லாம் யோசிக்கவில்லை. உச்சி குளிர்ந்து போயிருந்தான்.

அதில்தான் வெங்கட்ராகவன் மண்ணை அள்ளிப் போட்டான். கல்லூரி நாளில் தஞ்சாவூரில் ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்து இந்தச் சங்கீதத்தைப் பழகியவர்கள் இருவரும். அவன் கம்ப்யூட்டர் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டான். இவன் இங்கேயே நின்றுவிட்டான்.

ஆன்டோ உடனே போன் போட்டான்.

"எந்த இடத்துல பேஸ் சரியில்லை?"

"அது... பொதுவாவே."

"பொதுவாவேன்னா? இடத்தைச் சொல்லு. நீதான் எப்பவும் நிமிஷம் நிமிஷமா குத்தம் கண்டுபிடிப்பியே!"

வெங்கட்ராகவன் தயங்கினான். "இடமெல்லாம் எதுக்குடா? சொன்னாக் கேளு. முதல்ல எடு. நான் அரை நாள் லீவு போடறேன். சாயங்காலத்துக்குள்ள புதுசா ஒண்ணு பண்ணிடலாம்."

"வந்த கமெண்ட் பூரா போயிடும்."

"போகட்டும்."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிடுவே! நீ இதை விட்டுட்டே, நான் விடலை. நான் அங்க வந்து மேடை ஏறிடுவேன்னு வயித்தெரிச்சல்."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது.

"சரி, வயித்தெரிச்சல்னே வச்சுக்க. ஆனா எடுத்துடு."

ஆன்டோ போனைத் துண்டித்தான். அதோடு விட்டானா? நண்பர்கள் குரூப்பில், "கூடப் பழகினவனுக்கே பொறுக்கலை" என்று ஒரு வரி போட்டான். யார் என்று கேட்டவர்களுக்குப் பெயரையும் சொன்னான்.

"ஏன்டா இப்படிக் குதிக்கிறே?" என்று வந்தாள் அக்கா எல்சி. கணவன் ரெமிஜியஸ் குவைத்தில். அவள் மாமியார் வீட்டிலிருந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

விஷயத்தைக் கொட்டித் தீர்த்தான்.

"பதிவு பண்ணினப்புறம் நீ முழுசா கேட்டியா?"

"பண்ணினவனே நான்தான். நான் எதுக்குக் கேக்கணும்?"

"அப்ப அவன் சொல்றது சரியா தப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆன்டோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மடிக்கணினியைப் பெரிய ஸ்பீக்கரில் இணைத்து, "உக்காரு. எங்க சரியில்லைன்னு நீயே சொல்லு" என்று மிக்ஸை ஓட விட்டான்.

எல்சி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். பேஸில் ஒரு குறையும் இல்லை. பாதிக்கு மேல் ஓரிடத்தில், மூச்சு வாங்குவதற்காக டிரம் நின்று மெல்லிய இசை மட்டும் கேட்டது.

அந்த அமைதியில் ஒரு பெண் குரல் பளிச்சென்று எழுந்தது. அவர்கள் அம்மா பாத்திமா மேரியின் குரல்.

"மாப்பிள்ளைக்கு வேலை போயிடுச்சுன்னு உன் மாமியார் வீட்டுக்கு மட்டும் தெரியவே கூடாதுடி எல்சி. அவரு வேற வேலை தேடிக்கிற வரைக்கும் மூச்சு விடாதே."

பதிவின் ஆரம்பத்தில் தன் பெயரைச் சொல்வதற்காகத் திறந்த மைக்கை ஆன்டோ மூடவே இல்லை. ஹெட்போன் காதை அடைத்திருக்க, பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அம்மா அக்காவிடம் பேசியதெல்லாம் மிக்ஸோடு ஊர் உலகத்துக்கே போயிருந்தது. ரெமிஜியஸுக்கு வேலை போன விஷயமே அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

எல்சி எழுந்துவிட்டாள். "எங்க மாமியார் வீட்டு குரூப்புலயும் போட்டியாடா?"

போட்டிருந்தான். எல்சியின் கொழுந்தன், "சூப்பர் மச்சான், ரெண்டு தடவை கேட்டேன்" என்று பதிலும் அனுப்பியிருந்தான். நல்லவேளை, அவனும் கேட்கவில்லை.

ஆன்டோ மிக்ஸை இணையத்திலிருந்து அழித்தான். பெங்களூர் போயிற்று. அதைப் பற்றி நினைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஸ்பீக்கரில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆன்டோகிட்டயும் சொல்லிடாதே. அவன் போய் அந்த வெங்கட்ராகவன்கிட்ட உளறிடுவான். வெங்கட்ராகவனுக்கு ஓட்டை வாய்டி. ஒரு ரகசியம் தங்காது."